கம்பியின் முனையில் இருக்கும் பெட்டி யாருடையது?

வீட்டின் இணைய இணைப்பைச் செப்புக் கம்பியிலிருந்து ஒளியிழைக்கு மாற்றிக்கொள்ளும் எவரும் ஒரு கேள்வியை எதிர்கொள்கிறார்கள். பழைய இணைப்புக்காகக் காசு கொடுத்து வாங்கிய வைஃபை ரவுட்டர் இன்னும் நன்றாகத்தான் இயங்குகிறது. புதிய இணைப்பைப் பொருத்த வருபவரோ இன்னொரு பெட்டியைக் கையோடு கொண்டு வருகிறார். பழையதையே பாவிக்க முடியாதா என்று கேட்டால், "இது அதற்குச் சரிவராது" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில். சில வேளைகளில் அது முழு உண்மை. சில வேளைகளில் பாதி உண்மை. இன்னும் சில வேளைகளில் அது தொழில்நுட்பம் சொல்லும் பதிலே அல்ல, வணிகம் சொல்லும் பதில். எது எந்த வகை என்று பிரித்தறிவதற்கு இந்தப் பெட்டியின் வரலாறு உதவும். அந்த வரலாறு கணினிக்கு முந்தியது. அமெரிக்காவில், ரெலிபோனின் வாய்ப்பகுதியில் மாட்டப்பட்ட ஒரு சிறு மூடியிலிருந்து அது தொடங்குகிறது.

அந்த மூடியின் பெயர் ஹஷ்-ஏ-போன். 1920களின் தொடக்கத்திலிருந்து விற்பனையில் இருந்த பொருள் இது. ஒரே அறையில் பலர் இருந்து வேலை செய்யும் அலுவலகங்களில், பேசுபவரின் குரல் பக்கத்து மேசைக்குக் கேளாமல் தடுப்பது மட்டுமே இதன் பணி. மின்சாரம் இல்லை, கம்பி இல்லை. அன்று அமெரிக்கத் தொலைபேசிச் சேவையில் ஏகபோகம் செலுத்திய ஏ.ரி. அன்ட் ரி. நிறுவனத்துக்கு இதுவும் பொறுக்கவில்லை. தான் வழங்காத எந்தப் பொருளையும் தனது தொலைபேசியுடன் இணைக்கக்கூடாது என்பது அதன் விதி. 1940களின் இறுதியில், மூடியை விற்றவரான ஹரி டட்டில் சமஷ்டித் தொடர்பாடல் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்தார். ஆணைக்குழு பல ஆண்டுகள் இழுத்தடித்து, 1955இல் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்புச் சொன்னது.

டட்டில் மேன்முறையீடு செய்தார். 1956 நவம்பரில் வொஷிங்டன் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டிப்போட்டது. நீதிபதிகளின் வாதம் குழந்தைக்கும் விளங்கக்கூடியது. ஒருவர் தன் கையைக் குவித்து வாய்க்கு முன்னால் வைத்து மெல்லப் பேசலாம். அதே வேலையை ஒரு மூடி செய்தால் மட்டும் குற்றமா? பொதுச் சேவைக்குக் கேடு விளைவிக்காத வரையில், சந்தாதாரர் தனக்குப் பயன்படும் விதத்தில் தன் தொலைபேசியைப் பாவிக்கும் உரிமை உடையவர் என்பதே தீர்ப்பின் சாரம்.

இந்த வழக்கில் மூடியின் தரம் குறித்துச் சாட்சியமளித்த ஒலியியல் நிபுணர் லியோ பெரானெக். இவர் பங்காளியாக நிறுவிய போல்ட், பெரானெக் அன்ட் நியூமன் நிறுவனம்தான் 1969இல் அர்ப்பாநெற் வலையமைப்புக்காக ஐ.எம்.பி. என்ற இயந்திரத்தை அமைத்துக் கொடுத்தது. இன்றைய ரவுட்டர்களின் மூதாதை அதுவே. ஏறத்தாழ 400 கிலோகிராம் எடையுள்ள இரும்பு அலுமாரி அது. ரவுட்டரின் மூதாதையை அமைத்த நிறுவனத்தின் பெயரில் இருக்கும் ஒருவரே, சந்தாதாரர் தன் பொருளைக் கம்பியில் மாட்டும் உரிமைக்கான முதல் வழக்கிலும் நின்றிருக்கிறார்.

அடுத்தவர் டெக்சாஸைச் சேர்ந்த தொமஸ் காட்டர். எண்ணெய் வயல்களிலும் பண்ணைகளிலும் வேலை செய்வோரின் இருவழி வானொலியைத் தொலைபேசியுடன் இணைக்கும் ஒரு சாதனத்தை அவர் உருவாக்கினார். தொலைபேசியின் கைபிடியை அதன் மேல் வைத்தால் ஒலி வழியாகவே இரண்டும் பேசிக்கொள்ளும். மின் இணைப்பு கிடையாது. 1959க்கும் 1966க்கும் இடையில் ஏறத்தாழ 3,500 காட்டர்போன்கள் விற்பனையாகின. தொலைபேசி நிறுவனம் வழமைபோல மிரட்டியது. காட்டர் வழக்காடினார். 1968 யூன் மாதத்தில் அதே ஆணைக்குழு, இம்முறை சந்தாதாரரின் பக்கம் நின்றது. வலையமைப்புக்குத் தீங்கு செய்யாத எந்தச் சாதனத்தையும் இணைக்கலாம் என்றது.

தோற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. வெளிச் சாதனங்களை இணைக்கலாம், ஆனால் வலையமைப்பைப் 'பாதுகாப்பதற்காக' இடையில் எங்களுடைய பெட்டி ஒன்றை வாடகைக்கு எடுக்க வேண்டும் என்று புதிய நிபந்தனை விதித்தார்கள். வாடிக்கையாளரின் பொருளை அனுமதிப்பது போலக் காட்டி, தங்கள் பொருளையும் வாடகைக்குத் திணிப்பது. இந்த உத்தியைப் பிற்காலத்தில் மீண்டும் சந்திப்போம். ஆணைக்குழு 1975இல் கொண்டுவந்த பதிவு ஒழுங்குவிதிகள்தான் அதற்கு முடிவு கட்டின. நிர்ணயிக்கப்பட்ட தரத்துக்கு அமைய இருந்தால், யாருடைய சாதனத்தையும் நேரடியாகச் செருகலாம். இன்றும் தொலைபேசிக் கம்பியின் முனையில் நாம் காணும் சிறிய பிளாஸ்டிக் செருகி அந்த விதிகளோடு பரவியதுதான். 1981இல் ஹேய்ஸ் நிறுவனத்தின் ஸ்மார்ட்மொடம் நேரடியாகச் சுவரில் செருகப்பட்டதும் இதனால்தான். கைபிடியை இறப்பர்க் கிண்ணங்களில் வைத்து மொடத்தைப் பேசவைத்த காலம் அதோடு ஓய்ந்தது.

பிரித்தானியாவில் நிலைமை இதைவிடப் பிந்தியது. அங்கு 1981ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் வரும்வரை, வீட்டிலிருந்த தொலைபேசி வீட்டுக்காரருடையது அல்ல. அதற்கு வாடகை செலுத்த வேண்டும். அந்த மரபில் வளர்ந்த இலங்கையில், தொலைபேசி என்பது திணைக்களம் மனம் வைத்துத் தரும் ஒரு வரமாகவே நெடுங்காலம் இருந்தது. விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தவர்கள் ஏராளம். 1991இல் திணைக்களம் கூட்டுத்தாபனமாகியது. 1997இல் யப்பானின் என்.ரி.ரி. நிறுவனம் 35 வீதப் பங்குகளை வாங்கியது. கம்பியே கிடைக்காத ஊரில் கம்பியின் முனையில் எதை மாட்டலாம் என்ற விவாதம் எழுவதில்லை. 1990களில் ஆண்டுக்கணக்காக ஒரு தொலைபேசி மணியும் ஒலிக்காதிருந்த யாழ்ப்பாணத்தைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

இனி இணையத்தின் கதைக்கு வருவோம். செப்புக் கம்பியில் குரலுக்குத் தேவைப்படும் அலைவரிசை மிகக் குறுகியது. அதற்கு மேலே வெறுமையாகக் கிடந்த இடத்தில் தரவை அனுப்பலாம், வீட்டுக்கு வருவதைக் கூடுதலாகவும் வீட்டிலிருந்து போவதைக் குறைவாகவும் பங்கிடலாம் என்ற யோசனையை 1980களின் பிற்பகுதியில் பெல்கோர் ஆய்வுகூடத்தின் ஜோசப் லெக்லைடர் முன்வைத்தார். அவர்கள் மனத்தில் இருந்தது வீடியோப் படங்களை வீட்டுக்கு அனுப்பும் வியாபாரம். அந்த வியாபாரம் எழும்பவில்லை. அதற்காக உருவான ஏ.டி.எஸ்.எல். முறையோ இணையத்தை உலகெங்கும் வீடுகளுக்குக் கொண்டுபோனது. கேபிள் தொலைக்காட்சி நிறுவனங்களும் தம் கம்பியில் இணையத்தை அனுப்ப 1997இல் டொக்சிஸ் என்ற தரத்தை வகுத்துக்கொண்டன. இரண்டு கம்பிகள், இரண்டு மொழிகள். ஒன்றின் மொடம் மற்றதுக்கு ஆகாது. தொழில்நுட்பம் சொல்லும் பதில் என்றேனே, அது இதுதான்.

பூட்டு இன்னொன்றும் உண்டு. அது கம்பியில் அல்ல, கதவில். தொலைபேசி நிறுவனங்கள் மொடத்தில் எண் சுழற்றி இணையும் காலத்தில் பயனர்பெயர், கடவுச்சொல், கணக்கு என்ற ஒரு முழு நிர்வாகத்தையே கட்டி வைத்திருந்தன. எப்போதும் திறந்திருக்கும் அகலப்பட்டை வந்தபோதும் அதைக் கைவிட மனம் வரவில்லை. 1999 பெப்ரவரியில் ஆர்.எப்.சி. 2516 என்ற ஆவணமாக வெளிவந்த பி.பி.பி.ஓ.ஈ. முறை, பழைய நிர்வாகத்தைப் புதிய கம்பியின் மேல் ஏற்றிவைத்த ஏற்பாடு. ஒவ்வொரு தரவுப் பொதியிலும் 8 பைட்டுகளை அது தனக்கென எடுத்துக்கொள்ளும். 1500 பைட்டுகள் செல்ல வேண்டிய இடத்தில் 1492தான் செல்லும். இந்தச் சிறு குறைவினால் சில இணையத்தளங்கள் மட்டும் காரணம் புரியாமல் திறக்க மறுத்து எத்தனை பேரின் இரவுகளைப் பாழாக்கின என்பதைப் பழைய பாவனையாளர்கள் அறிவார்கள்.

கேபிள் நிறுவனங்கள் கடவுச்சொல் கேட்கவில்லை. டி.எச்.சி.பி. என்ற முறையில் இணைத்தவுடன் முகவரியைக் கொடுத்துவிடும். ஆனால் முதலில் இணைத்த கணினியின் வன்பொருள் இலக்கத்தை அவை நினைவில் வைத்துக்கொண்டன. கணினியைக் கழற்றி ரவுட்டரை மாட்டினால் மௌனம். தொடக்க காலத்தில் சில கேபிள் நிறுவனங்கள் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு கணினிக்கும் தனிக் கட்டணம் கேட்டன. ரவுட்டர்களின் மெனுவில் 'மக் குளோன்' என்றொரு விசித்திரமான பகுதி இருப்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். கணினியின் இலக்கத்தை ரவுட்டர் தன்னுடையதாகக் காட்டி நிற்பதற்கான வழி அது. ஒரே முகவரியின் பின்னால் பல கணினிகளை மறைத்துவைக்கும் நாட் முறை 1994இலேயே எழுதப்பட்டிருந்தது. முகவரிகள் தீர்ந்துபோகும் என்ற அச்சத்தில் பிறந்த அந்த முறை, தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்க நினைத்தவர்களின் கணக்கையும் குழப்பியது.

1999 யூலையில் நியூயோர்க்கில் ஸ்டீவ் ஜொப்ஸ் ஒரு மடிக்கணினியை வளையம் ஒன்றுக்குள்ளே புகுத்தி எடுத்து, கம்பி எதுவும் இல்லை என்று சபைக்குக் காட்டினார். கம்பியில்லா வலையமைப்பு வீட்டுப் பொருளானது அப்பிள் நிறுவனத்தின் அந்த எயார்போட் நாட்களில்தான். என்றாலும் அதை நடுத்தரக் குடும்பத்தின் மேசைக்குக் கொண்டுவந்த பெருமை இன்னொரு பெட்டியைச் சேரும். தாய்வானிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஜனி, விக்டர் சாவோ தம்பதியினர் 1988இல் கலிபோர்னியாவில் தொடங்கிய லிங்க்சிஸ் நிறுவனம், 2002 டிசம்பரில் டபிள்யூ.ஆர்.ரி.54ஜி என்ற ரவுட்டரை வெளியிட்டது. நீலமும் கறுப்புமான முகம், பின்புறம் இரண்டு கொம்புகள். சில மாதங்களில் சிஸ்கோ நிறுவனம் சுமார் 500 மில்லியன் டொலருக்கு லிங்க்சிஸையே வாங்கிவிட்டது.

2003 யூன் மாதத்தில், அந்தப் பெட்டிக்குள் இயங்குவது லினக்ஸ் என்பதைச் சில நிரலாளர்கள் கண்டறிந்து பகிரங்கமாக எழுதினார்கள். லினக்ஸின் உரிமம், அதை விற்பவர் மூலநிரலையும் கொடுக்க வேண்டும் என்று விதிக்கிறது. லிங்க்சிஸ் கொடுக்கவில்லை. சிஸ்கோவுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. உள்ளிருந்த சில்லு புரோட்கொம் நிறுவனத்துடையது, மென்பொருள் வேறொரு துணை ஒப்பந்தக்காரரிடமிருந்து வந்தது. அழுத்தம் கூடவே, அதே ஆண்டில் மூலநிரல் வெளியானது. 2004இல் அதை அடித்தளமாகக் கொண்டு ஓபன்டபிள்யூ.ஆர்.ரி. என்ற திறந்த மென்பொருள் பிறந்தது. அதன் பெயரிலேயே அந்தப் பெட்டியின் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள். 2005இல் ஐந்தாவது பதிப்பில் நிறுவனம் லினக்ஸைக் கைவிட்டு நினைவகத்தையும் பாதியாகக் குறைத்தபோது, பழையதையே கேட்டவர்களுக்காக 'ஜிஎல்' என்ற தனி மாதிரியை விற்க நேர்ந்தது.

நம் கேள்விக்கு இந்தப் பெட்டி முக்கியமாவது வேறொரு காரணத்தால். அதற்குள் மொடம் இல்லை. வெளியிலிருந்து வரும் இணைப்புக்கென ஒரு ஈதர்நெற் துளை இருந்தது. அதற்கு 'வான்' என்று பெயர். (தமிழில் கேட்பவருக்கு இது வேறு பொருள் தரும், கம்பியில்லாக் கருவியில் கம்பி செருகும் துளைக்குப் போய் வான் என்று பெயர் வைத்திருக்கிறார்களே என்று வியந்தவர்கள் உண்டு.) அந்தத் துளைக்கு முன்னால் கேபிள் மொடம் இருந்தாலும், ஏ.டி.எஸ்.எல். மொடம் இருந்தாலும், பின்னாளில் ஒளியிழைப் பெட்டி இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. மெனுவில் பி.பி.பி.ஓ.ஈ. என்பதை டி.எச்.சி.பி. என்று மாற்றினால் வேலை முடிந்தது. ஏ.டி.எஸ்.எல். நிறுவனங்கள் கொடுத்த பெட்டிகளிலோ மொடமும் ரவுட்டரும் வைஃபையும் ஒன்றாகவே அடைக்கப்பட்டிருந்தன. பார்வைக்கு ஒழுங்கு, ஒரே மின்செருகி. ஆனால் அவற்றுள் பலவற்றில் தொலைபேசிக் கம்பிக்கான துளையைத் தவிர வெளிவாசலே இல்லை. கம்பி போனால் பெட்டியும் போயிற்று. வசதிக்காகச் சேர்த்துக் கட்டியவையே முதலில் குப்பைக்குப் போயின.

அப்படிப்பட்ட பெட்டிக்கும் ஒரு மறுவாழ்வு உண்டு. அதன் மெனுவில் நுழைந்து, முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. பகுதியை நிறுத்திவிட வேண்டும். ஒரு வீட்டில் முகவரி கொடுக்கும் அதிகாரி ஒருவரே இருக்கலாம். பிறகு அதன் சொந்த முகவரியைப் புதிய ரவுட்டருடன் மோதாதபடி மாற்ற வேண்டும், புதியது 192.168.1.1 என்றால் பழையது 192.168.1.2 ஆகலாம். கடைசியாக, புதிய ரவுட்டரிலிருந்து வரும் ஈதர்நெற் கம்பியை வெளிவாசலில் அல்லாமல் உள்வாசல்களில் ஒன்றில் செருக வேண்டும். இனி அது ரவுட்டர் அல்ல. மாடியறைக்கோ பின்வீட்டுக்கோ வைஃபை தரும் ஓர் அலைபரப்பி மட்டுமே. ஆனால் எதிர்பார்ப்பை அடக்கிக்கொள்ள வேண்டும். 54 என்று பெயரில் எழுதிய பெட்டி நடைமுறையில் நொடிக்கு 20 மெகாபிற்றைச் சற்றுத் தாண்டினாலே பெரிது. 300 மெகாபிற் ஒளியிழையை வாங்கிவிட்டு அதன் வழியாகக் குடிப்பது, ஆற்றங்கரையில் இருந்து அரைக்கால் சிரட்டையால் நீர் மொள்வது போன்றது.

இப்போது வணிகம் சொல்லும் பதில். ஜேர்மனியில் 'ரவுட்டர்சுவாங்' என்று ஒரு சொல் வழக்கில் இருந்தது. ரவுட்டர்க் கட்டாயம் என்று பொருள். கேபிள் நிறுவனங்களும் வேறு சிலவும் தங்கள் பெட்டியைத்தான் மாட்ட வேண்டும் என்றன. இணையத் தொலைபேசிக்கான கடவுச்சொல்லைப் பாவனையாளருக்குக் கொடுக்க மறுத்தன. வலையமைப்பு எங்கே முடிகிறது என்பதே வழக்கின் முடிச்சு. பெட்டியும் வலையமைப்பின் அங்கமே, ஆகவே அது எங்களுடையது என்றன நிறுவனங்கள். சுவரிலுள்ள துளையோடு உங்கள் எல்லை முடிகிறது என்றார்கள் பாவனையாளர் தரப்பினரும் திறந்த மென்பொருள் அமைப்பினரும். பெர்லினில் ரவுட்டர்களைத் தயாரிக்கும் ஏ.வி.எம். நிறுவனத்துக்கும் இதில் நலன் இருந்தது, மறைப்பதற்கில்லை. 2016 ஓகஸ்ட் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்த சட்டம் சுவர்த் துளையையே எல்லையாக வகுத்தது. கடவுச்சொற்களையும் கேளாமலே கொடுக்க வேண்டும் என்றது.

சட்டத்துக்கு எதிராக நிறுவனங்கள் வைத்த வாதங்களுள் பாதுகாப்பும் ஒன்று. கண்ட கண்ட பெட்டிகளை மாட்டவிட்டால் வலையமைப்புக்கு ஆபத்து என்றார்கள். டட்டிலின் மூடிக்கு எதிராகச் சொன்ன அதே சொல். சட்டம் வந்து நான்கு மாதம் முடியும் முன்னரே, 2016 நவம்பர் 27ஆம் திகதி, டொய்ச்ச ரெலிகொம் நிறுவனத்தின் ஏறத்தாழ 900,000 வாடிக்கையாளர்களின் இணைப்புகள் தடைப்பட்டன. தொலைவிலிருந்து ரவுட்டர்களைப் பராமரிக்கும் வாயிலைக் குறிவைத்து மிராய் வகைத் தாக்குதல் ஒன்று நடத்தப்பட்டிருந்தது. விழுந்தவை வாடிக்கையாளர்கள் கடையில் வாங்கி மாட்டிய பெட்டிகள் அல்ல. நிறுவனத்தின் சொந்தப் பெயரைத் தாங்கிய ஸ்பீட்போட் பெட்டிகள்.

அமெரிக்காவில் பழைய வாடகை உத்தி வேறு வேடத்தில் திரும்பியது. சொந்த ரவுட்டரை மாட்டியிருந்தவர்களிடமும் மாதாமாதம் ரவுட்டர் வாடகை அறவிட்ட நிறுவனங்கள் இருந்தன. கொடுக்காத பெட்டிக்கு வாடகை வாங்கக்கூடாது என்று சொல்வதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது. 2019இல் நிறைவேறிய அந்தச் சட்டம் 2020 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. காட்டர்போன் தீர்ப்புக்கு 52 ஆண்டுகள் கழித்து.

எனினும் பழைய பெட்டியை ஆரத் தழுவிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. 2025 மே மாதத்தில் அமெரிக்காவின் எவ்.பி.ஐ., தயாரிப்பாளர் ஆதரவை நிறுத்திவிட்ட பழைய ரவுட்டர்களைக் குற்றவாளிகள் கைப்பற்றி, தங்கள் போக்குவரத்தை மறைக்கும் இடைத்தரகர்களாக விற்கிறார்கள் என்று எச்சரித்தது. அது வெளியிட்ட பட்டியலில் இ1200, டபிள்யூ.ஆர்.ரி.320என் முதலிய லிங்க்சிஸ் மாதிரிகள் இருந்தன. பெட்டி பழுதாகவில்லை; அதன் மென்பொருளைத் திருத்துவதற்குத்தான் ஆள் இல்லை. 2003இல் மூலநிரலுக்காக நடந்த சண்டை பணத்தைப் பற்றியது அல்ல என்பது இங்கே விளங்கும். நிறுவனம் கைவிட்டாலும் வேறொருவர் திருத்தக்கூடிய பெட்டி, தாங்கும் நினைவகம் உள்ளவரை காலத்தோடு ஒத்துப் போகும். மூடிய பெட்டியின் ஆயுளை நிர்ணயிப்பது அதைச் செய்தவரின் விருப்பம். பழையதை மறுபடி மாட்டுவதற்கு முன், அந்த மாதிரிக்குக் கடைசியாக வெளியான மென்பொருளின் திகதியைப் பாருங்கள். பல ஆண்டுகள் பின்தங்கியிருந்து, திறந்த மென்பொருளையும் அது ஏற்காதென்றால், வெளியுலகை நேரே பார்க்கும் இடத்தில் அதை வைக்க வேண்டாம்.

பிரித்தானியாவில் வாழும் நம்மவர்களுக்கு இந்தக் கேள்வி இப்போது வீட்டு வாசலுக்கே வந்திருக்கிறது. அங்கு செப்புக் கம்பித் தொலைபேசி வலையமைப்பை 2025 டிசம்பரில் மூடுவதாக இருந்து, 2027 சனவரி இறுதிக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். அதன்பின் சாதாரண ரெலிபோனும் ரவுட்டரின் பின்புறத்தில்தான் செருகப்பட வேண்டும். சொந்த ரவுட்டரை வைத்துக்கொள்ள விரும்புவோர் ஒன்றைக் கேட்டறிந்துகொள்ள வேண்டும். தொலைபேசிச் சேவைக்கான கணக்கு விபரங்களை நிறுவனம் தருமா, அல்லது தனது பெட்டியில் மட்டுமே மணி ஒலிக்கும் என்று சொல்லுமா? மின்சாரம் நின்றால் ரவுட்டரோடு ரெலிபோனும் நின்றுவிடும் என்பதையும், தனியே வாழும் முதியவர்கள் உள்ள வீடுகளில் மின்கல மாற்று ஏற்பாட்டை நிறுவனத்திடம் கேட்டுப் பெறலாம் என்பதையும் அவர்களுக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.